பூவார் கடலுக்கு மேலே நான்கு வட்டம்

எங்கள் ஊரில் என்னைப் பட்டாளக்காரன் என்றுதான் சொல்வார்கள். பட்டாளம் வேறு, விமானப்படை வேறு என்று ஓய்வு பெற்று வந்த புதிதில் திருத்திக்கொண்டிருந்தேன். பாறசாலை சந்தையில் மீன் வாங்க நிற்கும்போதுகூடத் திருத்தியிருக்கிறேன். "எல்லாம் சர்க்காருக்க துப்பாக்கி தானே" என்று ஒரு மீன்காரி சொன்னதோடு விட்டுவிட்டேன். நான் துப்பாக்கியைத் தொட்டதெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை, பயிற்சிக்கு. மற்ற நாட்களில் மேற்கு எல்லைப் பக்கம் ஒரு நிலையத்தில், பகலிலும் விளக்கணைத்த ஒரு அறையில், ராடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வானத்தில் எது போனாலும் திரையில் ஒரு புள்ளி வரும். புள்ளிக்கு ஒரு எண் கொடுப்போம். அந்த எண்ணைச் சத்தமாக வாசித்து, அது எங்கே, எவ்வளவு உயரத்தில், எந்தப் பக்கமாகப் போகிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷம் அதைச் செய்தேன்.

அந்த வேலை எனக்கு ஒரு கெட்ட பழக்கத்தைத் தந்து அனுப்பியது. எது கண்ணைவிட்டுப் போனாலும் எனக்கு இருப்புக் கொள்ளாது. மகள் வளைகுடாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் ஊருக்கு வரும் நாளில், விமானங்களைக் காட்டும் செயலியைக் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு, அங்கே அவள் விமானம் தரையைவிட்ட நிமிஷத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். சாப்பிடும்போதும் பார்ப்பேன். "நீங்க பாத்தாத்தான் அது பறக்குமோ?" என்று என் மனைவி கேட்பாள். பார்க்காவிட்டால் விழுந்துவிடும் என்பது போலத்தான் நான் பார்ப்பது என்று எனக்கே தெரியும்.

நான் சொல்ல வந்த நாள், என் மனைவிக்கு அறுபது நிறைந்த நாள். எங்கள் சபையில் இப்படி ஒரு வயது நிறைந்தால் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைப்பது வழக்கம். மாலை ஆறு மணிக்கு ஜெபம். மகள் மூன்று மணிக்குத் திருவனந்தபுரத்தில் இறங்கிவிட்டால் ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். காலையிலிருந்தே வீட்டில் ஒரே தள்ளுமுள்ளு. சபைக் கோயிலிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை நான் வரிசையாகப் போட, அவள் வந்து வட்டமாகப் போட்டாள். ஜெபத்துக்கு வரிசைதான் சரி என்றேன். "இது உங்க ராடார் ரூம் இல்ல" என்றாள். சண்டை முற்றுவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்துக்கொண்டு வந்து ஹாரன் அடித்தார்.

இந்தப் பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்லியாக வேண்டும். என்னைவிடப் பத்து வயது இளையவர். சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறார். ஊர்க் கோயில் கமிட்டியில் அவர் இல்லாமல் உற்சவம் நடக்காது. எங்கள் வீட்டு ஜெபத்துக்கும் அவர்தான் பெரிய பாத்திரத்தில் சாயா கொண்டுவந்து இறக்குவார். பாதி தமிழ், பாதி மலையாளம்; எந்தப் பாதி எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. நல்ல மனிதர். அன்று நான் அவரிடம் நடந்துகொண்ட விதத்துக்கு இன்னும் வெட்கப்படுகிறேன்.

ஒன்றரை மணிக்குப் புறப்பட்டோம். உதியன்குளங்கரையில் மாட்டிக்கொண்டோம். அம்பூரிப் பக்கமிருந்து ரப்பர் தடி ஏற்றி வந்த லாரி ஒன்று, திரும்ப இடம் போதாமல் சாலைக்குக் குறுக்கே நின்றுவிட்டது. பின்னால் பஸ், முன்னால் பஸ். எல்லோரும் ஹாரனில் கையை வைத்திருந்தார்கள். "பிளாக்கு ஆக்கும் அண்ணா, ஒரு பத்து நிமிஷம்" என்று அவர் எஞ்சினை அணைத்தார். நான் கைபேசியை எடுத்தேன்.

மகளின் விமானம் அரபிக்கடலுக்கு மேலே வந்துகொண்டிருந்தது. மஞ்சள் நிறத்தில் சின்ன விமானப் படம். அதைத் தொட்டால் கீழே விவரம் வரும்: உயரம், வேகம், பிறகு நான்கு இலக்க எண் ஒன்று. அந்த எண்ணைப் பலர் கவனிக்கமாட்டார்கள். தரையிலிருந்து ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு எண் கொடுப்பார்கள். விமானி அதைத் தன் முன்னால் இருக்கும் பெட்டியில் திருப்பி வைப்பார். ராடார் கேட்கும்போதெல்லாம் அந்தப் பெட்டி அந்த எண்ணைச் சொல்லும். இதில் மூன்று எண்களை யாருக்கும் கொடுப்பதில்லை. ஏழாயிரத்து எழுநூறு என்றால் ஆபத்து. ஏழாயிரத்து அறுநூறு என்றால் ரேடியோ செத்துவிட்டது, பேச முடியவில்லை. ஏழாயிரத்து ஐந்நூறு என்றால் விமானத்தைக் கடத்திவிட்டார்கள். விமானி வாய் திறந்து சொல்ல முடியாததால் விரலால் சொல்கிறார்.

என் மகளின் விமானத்துக்குக் கீழே ஏழாயிரத்து ஐந்நூறு என்று இருந்தது.

என் வாய் அதைச் சத்தமாக வாசித்துவிட்டது. மூளைக்குப் போகும் முன்னாலேயே வாய்க்குப் போய்விட்டது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

"எந்தா அண்ணா?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல."

திரை ஒரு தடவை மின்னியது. எண் ஏழாயிரத்து அறுநூறாக மாறியிருந்தது. மறுபடி பார்த்தேன். அறுநூறுதான். அப்படியே நின்றது.

நிம்மதியாக ஒரு மூச்சு விட்டேன். எண் ஏன் மாறியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ரேடியோ செத்துப்போனால் விமானி அறுநூறுக்குத் திருப்புவார். குமிழைத் திருப்பித் திருப்பித்தான் எண் மாறும். மூன்று, நான்கு என்று வரும்போது ஐந்தைத் தாண்டாமல் ஆறுக்குப் போக முடியாது. அவசரத்தில் கடைசி இரண்டு இலக்கத்தையும் முதலில் பூஜ்யம் ஆக்கிவிட்டு இரண்டாவது இலக்கத்தைத் திருப்பினால், ஒரு நொடி, அவர் தெரியாமலே கடத்தல் என்று சொல்லிவிட்டுப் போகிறார். இதற்காகவே எங்கள் அறையில் ஒரு விதி உண்டு. ஐந்நூறு தெரிந்தால் உடனே வாயைத் திறக்காதே. ராடார் மூன்று சுற்றுச் சுற்றி வரட்டும். எண் நின்றால் மட்டும் சொல்.

இந்த விதியை நான் உடைத்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். திரையில் ஐந்நூறு மின்னியதும், முதல் சுற்றிலேயே, அறை அதிர வாசித்துவிட்டேன். அந்த ஒரு சொல்லில் இரண்டு போர் விமானங்கள் மேலே போய்விட்டன. ரேடியோ செத்த ஒரு பயணி விமானத்துக்குப் பக்கத்தில் இருபது நிமிஷம் போயின. கடைசியில் விஷயம் தெரிந்தபோது என் அதிகாரி என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும். பதினாலு நாள் தண்டனை. பிறகு அது ஒரு வேடிக்கைக் கதையாகிவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தலில், பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில், யாராவது "பட்டாளத்துக் கதை ஒண்ணு சொல்லும்" என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அதிகாரி மாதிரி கண்ணை உருட்டிக் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

ஆக, ரேடியோதான். வேறொன்றுமில்லை. காரின் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தேன். அரை நிமிஷம்கூட உட்காரவில்லை.

ஏனென்றால் அறையில் உட்கார்ந்திருப்பவன் இப்படி மூச்சு விடமாட்டான். நான் விடமாட்டேன். ஐந்நூறை ஒரு தடவை கண்டவன் பிறகு வரும் அறுநூறை நம்பமாட்டான். கடத்தியவன் விமானியின் கையைத் தட்டி மாற்ற வைத்திருக்கலாம் அல்லவா? ரேடியோவும் பேசவில்லை. பேசாத விமானம், ஒரு நொடி கடத்தல் என்று சொன்ன விமானம், மணிக்கு ஐந்நூறு மைல் வேகத்தில் ஒரு நகரத்தை நோக்கி வருகிறது. நான் அந்த நாற்காலியில் இருந்தால் என்ன நினைப்பேனோ அதைத்தான் அங்கே யாரோ ஒருவன் இப்போது நினைத்துக்கொண்டிருப்பான். சந்தேகப்படுவதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

லாரி நகர்ந்தது. "போலாம் போலாம்" என்றேன். அவர் சாவியைத் திருப்பி, பெல்ட்டைச் சரிசெய்து, சாமி படத்தைத் தொட்டுக் கும்பிட்டார். "வண்டிய எடும் வேய், கும்பிடுதது அப்புறம்" என்று கத்தினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வண்டியை எடுத்தார்.

அமரவிளைப் பாலத்துக்கு முன்னால் சத்தம் கேட்டது. முதலில் வயிற்றில்தான் கேட்டது, பிறகு காதில். கிழக்கே, மலைப் பக்கமிருந்து வந்து எங்கள் தலைக்கு மேலே கடலைப் பார்த்துப் போயிற்று. மேகம் கவிந்து கிடந்ததால் ஒன்றும் தெரியவில்லை. சாலையோரம் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் அரிவாளைத் தூக்கியபடியே மேலே பார்த்தார்.

"ரண்டெண்ணம் உண்டு" என்றார் காரை ஓட்டியவர். "ரிஹேர்சல் ஆயிரிக்கும். எந்தொரு ஸ்பீடு!"

இரண்டுதான். எப்போதும் இரண்டுதான் போகும்.

மேலே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். அதுதான் தொல்லை. தெரியாதவனுக்கு நம்பிக்கையாவது மிஞ்சும். பேசாத விமானத்தை முதலில் அவசர அலைவரிசையில் கூப்பிடுவார்கள். பக்கத்தில் பறக்கும் மற்ற விமானங்களைக் கூப்பிடச் சொல்வார்கள். கம்பெனிக்காரர்கள் வழியாகச் செய்தி அனுப்பிப் பார்ப்பார்கள். இதெல்லாம் நடக்கும்போதே எங்கோ ஒரு தளத்தில், பூட்ஸைக் கழற்றாமல் காத்திருக்கும் இரண்டு விமானிகள் ஓடுவார்கள். சில நிமிஷத்தில் மேலே இருப்பார்கள். ஒருவர் பயணி விமானத்தின் இடது பக்கமாக, பின்னாலிருந்து மெதுவாக வந்து சேர்ந்து, விமானி அறைக்குள்ளும் ஜன்னல்களிலும் பார்ப்பார். இன்னொருவர் பின்னாலேயே, யார் கண்ணிலும் படாமல் நிற்பார். அவர் எதற்கு நிற்கிறார் என்று விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் வந்தவர் தன் சிறகை இப்படியும் அப்படியும் ஆட்டுவார். உன்னைப் பார்த்துவிட்டேன், என் பின்னால் வா என்று அர்த்தம். பயணி விமானமும் சிறகை ஆட்டிக்காட்ட வேண்டும். ஆட்டினால் அறையில் பாதி மூச்சு வரும். ஆட்டாவிட்டால் யாரும் இருமக்கூடமாட்டார்கள். அதற்குமேல் தீர்மானிப்பது அறையில் உள்ளவர்கள் இல்லை. அது எங்கோ மேலே, பெரிய இடத்தில். உத்தரவு வரும்வரை எண்ணை வாசித்துக்கொண்டிருக்க வேண்டும். வந்த பிறகும் வாசித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த அறையில் பயணிகள் என்ற சொல் கிடையாது. உள்ளே எத்தனை பேர் என்று கேட்பதும் கிடையாது. தடை ஒன்றும் எழுதி ஒட்டவில்லை. யாரும் கேட்கமாட்டார்கள், அவ்வளவுதான். கேட்டால் எண்ணை வாசிக்க வராது.

கைபேசி அடித்தது. மனைவி.

"எங்க இருக்கிய?"

"அமரவிளை."

"வரும்போ மட்டிப்பழம் ஒரு குலை வாங்கணும். பேப்பர் கப்பும் காணாது. பிளைட்டு எறங்கியாச்சா?"

"இல்ல. கொஞ்சம் லேட்டு."

"எதுக்கு லேட்டு?"

"காத்து."

"காத்தா? இஞ்ச ஒரு எலை அசையல்லியே."

"கடல்ல காத்து. நீ கொஞ்சம் படு. ஆறு மணிக்கு ஆளுக வரும்."

"செரி, நான் ஒரு மணிக்கூறு கெடக்கேன். மக வந்தா விளிங்க."

பொய் சொல்வது எனக்குப் புதிதல்ல. தண்டனை வாங்கிய காலத்திலும் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் சுகமாயிருக்கிறேன் என்றுதான் எழுதினேன். ஆனால் அன்று அவள் என் சொல்லை நம்பித் தூங்கப்போனது என்னை ஏதோ செய்தது. அவளிடம் மறுநாள் காலையில்தான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் எழுந்து போய்விட்டாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. "என்னையும் கூடக் கெடந்து பதறவிட்டிருக்கணும், அது எனக்க மகளாக்கும்" என்று நாலாம் நாள் சொன்னாள். அவள் சொன்னதுதான் நியாயம்.

நெய்யாற்றின்கரை தாண்டும்போது விமானம் வட்டமிட ஆரம்பித்தது. பூவாருக்கும் திருப்புறத்துக்கும் நேர் மேற்கே, கடலுக்கு மேல். செயலியில் அது போன வழி மெல்லிய கோடாக விழும். கோடு வளைந்து, நீண்டு, மறுபடி வளைந்து, ஆரம்பித்த இடத்துக்கு வந்தது. ஒரு வட்டம். போர் விமானங்கள் அந்தச் செயலியில் தெரியாது. என் கைபேசியில் அவள் விமானம் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அது தனியாக இல்லை என்று காரில் எனக்கு மட்டும் தெரியும்.

இரண்டாம் வட்டம். வட்டமிடுவது நல்லதுதான் என்று எனக்கு நானே சொன்னேன். ரேடியோ செத்த விமானம் செய்ய வேண்டியதைச் செய்கிறது. சொல்லியிருந்த நேரம்வரை சுற்றிவிட்டு, சொல்லியிருந்த வழியில் இறங்கும். புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. கடத்தியவனும் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கலாம் என்று உடனே எனக்குள்ளிருந்தே ஒருவன் சொன்னான். செருப்பைக் கழற்றினேன். மாட்டினேன். கண்ணாடியை ஏற்றினேன். இறக்கினேன்.

"அண்ணா, சுகமில்லியா? வெள்ளம் வேணுமா?" என்று அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். குடிக்கவில்லை. விஷயத்தை அவரிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கும்பிடுவார்.

மூன்றாம் வட்டம். மகள் எந்தப் பக்கத்து இருக்கையில் இருப்பாள் என்று யோசித்தேன். ஜன்னல் இருக்கை இல்லாமல் அவள் டிக்கெட் எடுப்பதில்லை. இடது பக்கமா, வலது பக்கமா என்பது எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் விமானத்தின் எண்ணைக் கேட்கும் நான், இருக்கை எண்ணை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

நான்காம் வட்டத்தின் பாதியில், பாலராமபுரம் முக்கில் சிக்னலுக்கு நின்றிருந்தபோது, கோடு வளையவில்லை. விமானம் வட்டத்தை விட்டு விலகி நேரே கரையைப் பார்த்துத் திரும்பியது. உயரம் குறைய ஆரம்பித்தது.

அந்த ஒரு கோட்டை நான் இரண்டு பேராகப் பார்த்தேன். காரில் இருக்கும் தகப்பனுக்கு அதைவிட நல்ல காட்சி கிடையாது, மகள் இறங்கப்போகிறாள். அறையில் இருக்கும் ஆளுக்கு அதைவிடக் கெட்ட காட்சி கிடையாது. பேசாத விமானம் சுற்றுவதை விட்டு, உயரத்தைக் குறைத்து, நகரத்தின் மேல் வருகிறது. ஓடுபாதைக்கு வருகிறதா, வேறெதற்காவது வருகிறதா என்று கண்டுபிடிக்க அவனுக்கு இருப்பது சில நிமிஷம். இந்த இடத்தில் அறையில் எல்லோருடைய குரலும் தணிந்துவிடும். எண்ணை வாசிப்பவனின் குரல் மட்டும் கேட்கும். நான் என்னையறியாமல் வாசித்துக்கொண்டிருந்தேன்: நாலாயிரம் அடி, மூவாயிரத்து அறுநூறு, மூவாயிரத்து இருநூறு. முன்பு வாசித்த அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல். அந்தக் குரல் எனக்குப் பயமாக இருந்தது. அதை நிறுத்தவும் என்னால் முடியவில்லை.

இரண்டாயிரத்து நூறில் செயலி நின்றுவிட்டது. கைபேசிக்குச் சிக்னல் இல்லை. பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"ஒதுக்கி நிறுத்தும்" என்றேன். அவர் ஒரு பாத்திரக்கடை முன்னால் நிறுத்தினார். இறங்கிக் கைபேசியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நடந்தேன். கடைக்காரர் என்னை விநோதமாகப் பார்த்தார். வானம் அதே சாம்பல் நிறத்தில் கிடந்தது. சத்தம் எதுவும் வரவில்லை. எந்தச் சத்தம் வரக்கூடாது என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேனோ, அதை இப்போதும் எழுத வரவில்லை. வாழ்நாளில் நான் சொன்ன ஜெபங்களில் அங்கே நின்று சொன்னதுதான் மிகச் சின்னது. சொல்லாகக்கூட வரவில்லை.

பிறகு கைபேசி அதிர்ந்தது. விமானத்தின் படம் ஓடுபாதை மேல் இருந்தது. உயரம் பூஜ்யம்.

பாத்திரக்கடைப் படியில் உட்கார்ந்தேன். அழுதேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கூட உட்கார்ந்து தோளில் கை வைத்தார். காரணம் கேட்கவில்லை. அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். "என்னோடு நேரத்தே பறயாமாயிருந்நு அண்ணா" என்றார். முன்பே சொல்லியிருக்கலாம் என்று. கும்பிடும்போது கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அது சாரமில்ல" என்றார்.

விமான நிலையத்தில் மேலும் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். விமானத்தை ஓரமாக நிறுத்தி, அதிகாரிகள் ஏறிப் பார்த்து, எல்லோரையும் விசாரித்துவிட்டுத்தான் விட்டார்களாம். ரேடியோக் கோளாறுதான். வெளியே வந்த பயணிகள் உற்சாகமாக இருந்தார்கள். காத்திருந்தவர்களிடம் கைபேசியைக் காட்டி, "பாத்தியா, இத்தனை பக்கத்தில" என்று போர் விமானத்தின் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். காவலுக்கு வந்ததென்று விமானி சொன்னாராம். ஒருவர் அந்த விமானத்துக்கு சல்யூட் அடித்ததாகச் சொன்னார்.

மகள் கடைசிக் கூட்டத்தில் வந்தாள். பெட்டியைத் தள்ளிக்கொண்டு, எப்போதும் போல. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். நான் அவள் முகத்தைப் பிடித்துப் பார்த்தேன். "என்னப்பா, மேலெல்லாம் வேர்த்திருக்கு" என்றாள். காரில் ஏறிய பிறகு அம்மாவிடம் போனில் பேசினாள். எறங்கியாச்சு, வாறோம், பழம் வாங்கியாச்சு என்றாள். பழம் அப்போது வாங்கியிருக்கவில்லை. பாலராமபுரத்தில் வாங்கினோம்.

அமரவிளை தாண்டிய பிறகு, "அது எனக்கப் பக்கத்திலதான் வந்துது" என்றாள். "இடதுபக்கம். பைலட்டுக்கத் தலை தெரிஞ்சுது. ஜன்னல் ஜன்னலாப் பாத்தாரு. நான் கை காட்டினேன். அவரு காட்டல்ல."

"அவருக்கு ரெண்டு கையிலும் வேலை உண்டு மக்கா" என்றேன்.

அவள் சின்னவளாக இருந்தபோது, மற்றத் தகப்பன்மார் நரியும் காக்கையும் சொல்லிப் பிள்ளைகளைத் தூங்கவைத்த நேரத்தில், நான் இவளுக்கு அறையில் நடப்பதை முதலிலிருந்து கடைசிவரை சொல்லியிருக்கிறேன். பின்னால் நிற்கும் இரண்டாவது விமானத்தையும் சொல்லியிருக்கிறேன். பெருமைதான், வேறென்ன. அவள் கணக்கு டீச்சர். எதையும் மறக்கிறவள் இல்லை.

எங்கள் வீட்டு வாசலில் கார் நின்றபோது உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது. வாசலில் இருபது ஜோடிச் செருப்புக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பெட்டியை எடுக்கப் பின்னால் போனார். மகள் கதவில் கையை வைத்தவள் திறக்காமல் இருந்தாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"இன்னைக்கு அந்த ரூமில நீங்க இருந்திருந்தா கடைசிவரைக்கும் நம்பர வாசிச்சிருப்பியளா?"

அன்றைக்கு வேண்டிய மட்டும் பொய் சொல்லியாகிவிட்டது. "வாசிச்சிருப்பேன்" என்றேன்.

"உள்ள நான் இருக்கேனெண்ணு தெரிஞ்சாலுமா?"

"தெரிஞ்சாலும் வாசிச்சிருப்பேன் மக்கா. நான் நிறுத்தினா அடுத்த நாற்காலிக்காரன் வாசிப்பான்."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும் அப்பா. எல்லாரும் வீடியோ எடுத்துட்டு இருந்தாவ. அது எதுக்கு வந்திருக்குண்ணு அந்த பிளைட்டில எனக்கு மட்டுந்தான் தெரியும். அதுக்காக்கும் கை காட்டினேன். உள்ள ஆளு உண்டுண்ணு அவரு பாக்கணும்."

அவள் அம்மா பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்தபடியே வெளியே ஓடிவந்தாள். மகள் இறங்கிப் போய் அவளைக் கட்டிக்கொண்டாள். நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை ஜன்னலில் எத்தனை பேர் கை காட்டினார்களோ, என் திரையில் ஒருவரும் தெரிந்ததில்லை.